திருப்புமுனையும் மனந்திரும்புதலும்



நம் சபைகளில் சாட்சி கூற எழுந்து நிற்கிறவர்களின் நாவில் தவறாமல் வரும் சொல் ‘திருப்புமுனை’. மைசூருக்கு வேலை தேடி வந்த நாள் திருப்புமுனை. வியாதியில் சுகம் கிடைத்த நாள் திருப்புமுனை. சொந்த வீட்டில் குடியேறிய நாளும் திருப்புமுனையே. சொல்லில் குற்றமில்லை. ஆனால் வேதம் நம்மிடத்தில் கேட்பது ‘மனந்திரும்புதல்’ என்னும் வேறொரு சொல்லை.

மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலத்துக்குப் பயணம் செய்தவர்கள் திம்பம் மலைப்பாதையை அறிவீர்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள். சாலை வளைவைக் கன்னடர் ‘திருவு’ என்பார்கள். நம் ‘திருப்பம்’ என்பதன் உடன்பிறப்பு அது. ஒவ்வொரு வளைவிலும் பேருந்தின் முகம் எதிர்த்திசைக்குத் திரும்புகிறது, பிள்ளைகள் வாந்தியெடுக்கிறார்கள். ஆனாலும் போய்ச்சேரும் ஊர் மாறுவதில்லை. நம்முடைய திருப்புமுனைகளில் அநேகம் இவ்விதமானவையே.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இச்சொல் ‘மெட்டனோயா’. மனம் மாறுதல் என்று பொருள். மலையாள விசுவாசிகள் ‘மானசாந்தரம்’ என்பது இதையொட்டியே. எபிரெயத் தீர்க்கதரிசிகள் வழங்கிய ‘ஷூவ்’ என்னும் சொல்லோ, திரும்பி வருதலைக் குறிப்பது. தமிழில் மனமும் உண்டு, திரும்புதலும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மத்தேயு 27:3-ல் யூதாசைக் குறித்து எழுதும்போது நம் பழைய மொழிபெயர்ப்பு இச்சொல்லை வழங்காமல் ‘மனஸ்தாபம்’ என்கிறது. கிரேக்கத்திலும் அங்கே வேறு சொல்தான். அவன் வருந்தினான், காசையும் திருப்பிக் கொடுத்தான், ஆண்டவரிடத்திற்குத் திரும்பவில்லை. லூக்கா 19-ல் சகேயு இச்சொல்லை உச்சரிக்கவேயில்லை. ஆஸ்தியில் பாதியைத் தரித்திரருக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் கொடுப்பதாகச் சொன்னான். அன்றே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் ஆண்டவர்.

இந்த அதிகாரத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் ஞானஸ்நானம் பெற்று ஒன்பது ஆண்டுகள் வரை ஒரு காரியத்தை எந்தச் சாட்சியிலும் நான் சொன்னதில்லை. மைசூரில் நான் தொழில் தொடங்க அண்ணியார் தமது நான்கு பவுன் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தார்கள். நான் பணம் அனுப்பவில்லை, சங்கிலி மூழ்கிப்போயிற்று. தேவன் என்னை உயர்த்தினார் என்று மேடையில் சொல்லுவேன், ஊருக்கு மட்டும் போகமாட்டேன்.

ஒருநாள் ஆராதனையில் சகேயுவைக் குறித்துப் பேசத் தொடங்கி, மேலே பேசக்கூடாமல் அமர்ந்துவிட்டேன். மறுவாரம் நான்கு பவுனுக்கு அன்றைய விலையை எடுத்துக்கொண்டு கோபிசெட்டிபாளையம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் புறப்பட்டேன். திம்பத்தில் இறங்கும்போது, அடுத்த வளைவில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்ததும் உண்மை.

அண்ணியார் பணத்தை வாங்கி உள்ளே வைத்தார்கள். அண்ணன் திண்ணையிலிருந்து எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அதன்பின் இருமுறை போனேன். மூன்றாம் முறைதான் என் பிள்ளைகளைக் குறித்து விசாரித்தார்.