வில்லில் இருந்த வேறொருவர் பெயர்

நவராத்திரிக்கு முந்தைய வாரம் ஒரு வீட்டுக்குப் பழைய வயலின் ஒன்று வந்து சேர்ந்தது. பேத்திக்கு விஜயதசமியன்று பாடம் தொடங்குவதாக ஏற்பாடு. பாட்டு ஆசிரியரே விசாரித்து, நன்கு வாசிக்கப்பட்ட வாத்தியமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தார். பெட்டியைத் திறந்து வில்லைக் கையில் எடுத்தபோதுதான், விரல்கள் பற்றும் இடத்துக்குச் சற்று மேலே, மரத்தில் ஊசிமுனையால் கீறியதுபோல ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. தமிழ் எழுத்து. அவசரமில்லாத, நிதானமான கை.

"அப்பா, இதைத் தேய்த்து அழித்துவிட வேண்டும்" என்றாள் மகள். "யாருடைய பெயரோ! அவர் இருக்கிறாரோ, இல்லையோ. குழந்தை முதன்முதலாகக் கையில் எடுக்கப் போகிற வில்."

மருமகனுக்கு அழிப்பதில் சம்மதமில்லை. மரம் கெட்டுவிடும் என்பது அவர் கவலை. அதன்மேல் குழந்தையின் பெயரை எழுதி ஒட்டிவிடலாம் என்றார். வீட்டுப் பெரியவர் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. வில்லை வாங்கி, மேல்துண்டால் துடைத்து, பூஜை அறையில் கொலுப்படிக்கு அருகே வைத்தார். "சரஸ்வதி பூஜை வரட்டும்" என்பதோடு பேச்சு நின்றது.

இந்தச் சங்கடம் பல குடும்பங்களுக்குப் பழக்கமானதே. ஒரு காலத்தில் கல்யாணச் சீர்வரிசையில் வந்த ஒவ்வொரு குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டுபவர் சிறிய உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருப்பார். அந்தப் பாத்திரங்கள் கைமாறிப் பழைய பித்தளைக் கடைக்குப் போய், வேறொரு வீட்டு அடுக்களையில் குடியேறும்போது, யாரோ ஓர் அம்மாளின் பெயரும் கூடவே குடியேறும். புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பித்தளை பளபளக்கும். பெயரும் சேர்ந்தே பளபளக்கும். தண்ணீர்க் குடத்தில் பிறர் பெயர் இருப்பதைப் பொருட்படுத்தாத மனம், வித்தைக்குரிய கருவியில் இருந்தால் மட்டும் தயங்குகிறது. அத்தயக்கம் தவறென்று சொல்வதற்கில்லை. வித்தை என்பது பாத்திரம் போன்றதன்று.

ஆனால் வில் என்றதும் நினைவுக்கு வரும் இதிகாச வில்களைப் பார்த்தால் ஒரு வியப்பு எழும். அவற்றுள் பெரும்புகழ் பெற்றவை எல்லாம் பிறர் கையிலிருந்து வந்தவையே.

மிதிலையில் ராமபிரான் கையில் முறிந்த சிவதனுசு ஜனகர் செய்வித்ததன்று. அவருடைய முன்னோரான தேவராதரிடம் அது ஒப்படைக்கப்பட்டது என்கிறது வால்மீகி ராமாயணம். அங்கே ஆளப்படும் சொல் 'ந்யாஸம்', அதாவது அடைக்கலமாக வைத்த பொருள். வழியில் பரசுராமர் நீட்டிய விஷ்ணு தனுசுக்கும் இதே சொல்தான். அந்த வில் திருமாலிடமிருந்து ருசீக முனிவருக்கு அடைக்கலமாக வந்தது, அவரிடமிருந்து ஜமதக்னிக்கு, அவரிடமிருந்து மகன் பரசுராமருக்கு. அறைகூவி நிற்கும் அந்தச் சினத்திலும், வில்லை நீட்டுமுன் அதன் பழைய உடையவர்களை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் நீட்டுகிறார் அவர். ராமபிரான் அதை நாணேற்றினார். பரசுராமர் விடைபெற்றதும் வில்லை வருணனிடம் சேர்ப்பித்தார். ஒரு நாள்கூடத் தம்முடையதென்று வைத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் ஆரணிய காண்டத்தில் அகத்தியர் அவருக்கு ஆயுதங்கள் அளிக்கும்போதும், இது விசுவகர்மா செய்த விஷ்ணுவின் வில், இது பிரமன் தந்த அம்பு, இவை இந்திரன் தந்த தூணிகள் என்று ஒவ்வொன்றின் வரலாற்றையும் சொல்லியே கொடுக்கிறார்.

பழைய பெயரைச் சொல்லாமல் வில் கைமாறுவதில்லை. பெயரை மறைப்பதன்று, உரைப்பதே அந்தக் கொடுக்கல் வாங்கலின் முறை.

இவ்வகையில் மிக நீண்ட பட்டியல் காண்டீவத்துக்கு உரியது. விராட பர்வத்தில், அஞ்ஞாத வாசம் முடியும் தறுவாயில், பிருகன்னளையாக இருந்த அர்ச்சுனன், இளவரசன் உத்தரனை வன்னி மரத்தில் ஏறச் சொல்கிறான். மயானத்தருகே நின்ற மரம் அது. யாரும் நெருங்காதிருக்கப் பாண்டவர்கள் அதில் ஒரு பிணத்தையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடுங்கிக்கொண்டே ஏறிய உத்தரன் கட்டை அவிழ்த்ததும் ஐந்து வில்கள் ஒளிவிடுகின்றன. ஒன்றில் நூறு பொற்பொட்டுகள். ஒன்றில் பொன் யானைகள். ஒன்றில் 60 இந்திரகோபப் பூச்சிகள். ஒன்றில் மூன்று சூரியன்கள். ஒன்றில் பொன் விட்டில்கள். "இது யாருடையது? இது யாருடையது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான் அந்தப் பிள்ளை. அடையாளத்தைக் கண்டால் உடையவரைத் தேடுவது மனித இயல்பு.

பொன் யானை பீமனுடையது, இந்திரகோபம் தருமருடையது, சூரியன் நகுலனுடையது, விட்டில் சகாதேவனுடையது என்று அர்ச்சுனன் விடை சொல்கிறான். பொற்பொட்டு வைத்த தன் வில்லின் முறை வரும்போது மட்டும் கதை நீள்கிறது. பிரமன் 1000 ஆண்டுகள் வைத்திருந்தான், பிறகு பிரஜாபதி 503 ஆண்டுகள், இந்திரன் 85, சந்திரன் 500, வருணன் 100. அதன் பின்னரே பார்த்தன், 65 ஆண்டுகள். உலகமே அர்ச்சுனனின் வில் என்று அழைக்கும் ஒன்றுக்கு, அவன் தன் வாயாலேயே ஐந்து பேரை முன்வைத்து, ஆறாவதாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். அவனுக்கு அது காண்டவ வனத்தை எரிக்க உதவியபோது கிடைத்தது. அக்கினி தேவன் வேண்ட, வருணன் கொடுத்தான்.

அப்படியானால் உடையவன் தன் பெயரை எங்கே பொறிப்பான்? அம்பில். கம்பநாட்டாழ்வார் காட்டும் வாலி, மார்பில் தைத்த அம்பைப் பற்றி இழுத்து அதில் இராமன் என்ற பெயரைக் காண்கிறான். எய்தவன் யாரென அறிவித்தது வில் அன்று, அம்பு. அம்பு ஒருவன் செய்த செயல். புகழோ பழியோ அதற்கு அவனே பொறுப்பு. எனவே அதில் அவன் பெயர் இருப்பது நியாயம். கிட்கிந்தைக் காட்டில் வாலி கேட்ட கேள்விகளுக்கும் அந்தப் பெயருக்கு உரியவரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இவ்வளவு தெளிவாகப் பட்டியல் சொன்ன அர்ச்சுனனே அதை மறந்த நாளும் உண்டு. அந்த நாள் கர்ண பர்வத்தில், போரின் 17ஆம் நாள் வருகிறது. கர்ணனின் அம்புகளால் புண்பட்டுப் பாசறைக்குத் திரும்பிய தருமர், தம்பி வந்ததும் கர்ணன் மாண்டான் என்ற செய்தியோடு வந்திருப்பதாக எண்ணி மகிழ்கிறார். இல்லையென அறிந்ததும் வலியும் ஏமாற்றமும் சேர்ந்து கடுஞ்சொல்லாக வெடிக்கின்றன. அந்தக் காண்டீவத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று சொல்லிவிடுகிறார்.

அர்ச்சுனன் வாளை உருவினான். பகைவனை நோக்கியன்று, தந்தைக்கு நிகரான தமையனை நோக்கி. ஏனென்று கண்ணன் தடுத்துக் கேட்டபோது, காண்டீவத்தைப் பிறருக்குக் கொடு என்று சொல்பவன் தலையைக் கொய்வதாகத் தான் யாருமறியாமல் விரதம் பூண்டிருப்பதாகச் சொல்கிறான். ஐந்து கை மாறி வந்த வில். ஆறாவது கைக்கு வந்தபின் ஏழாவது கை என்ற பேச்சே கொலைக்குரிய குற்றமாகிவிட்டது! அன்று குருக்ஷேத்திரத்தில் பாண்டவர் குலத்துக்கு வந்த பேராபத்து கர்ணனிடமிருந்து வரவில்லை, ஒரு வில்லின் மீது வைத்த 'என்னுடையது' என்ற எண்ணத்திலிருந்து வந்தது.

கண்ணன் கண்ட வழி தமிழ்க் குடும்பங்களுக்கு எளிதில் விளங்கும். மரியாதைக்குரிய மூத்தவரை 'நீ' என்று ஒருமையில் அழைத்து இழித்துப் பேசுவதே அவரைக் கொன்றதற்குச் சமம். அதைச் செய், விரதம் நிறைவேறும் என்கிறான். அர்ச்சுனன் அப்படியே பேசினான். பேசி முடித்ததும் வெட்கம் தாளாமல், தன் தலையையே கொய்துகொள்ள மீண்டும் வாளை உருவினான். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தற்கொலைக்குச் சமம் என்று கண்ணன் அதற்கும் ஒரு வழி சொல்ல வேண்டியிருந்தது. பிறகுதான் அண்ணன் காலில் தம்பி விழுந்தான், இருவரும் அழுதார்கள். பாரதச் சொற்பொழிவுகளில் கர்ண வதத்துக்கு விரைவோர் இந்தக் கட்டத்தைச் சுருக்கிவிடுவது உண்டு. சுருக்கக் கூடாத இடம் இது.

கண்ணன் தன்னடிச் சோதிக்கு எழுந்தருளிய பின், துவாரகையின் பெண்டிரை அழைத்து வரும் வழியில் கொள்ளையர் சூழ்ந்தபோது, அந்தக் காண்டீவத்தை நாணேற்றவே அர்ச்சுனனுக்குப் பெரும்பாடாயிற்று. வற்றாத தூணிகளில் அம்புகள் தீர்ந்தன. வில் அதே வில்தான்.

அப்போதும் அவன் அதை விடவில்லை. பாண்டவர்கள் அரசைப் பரீட்சித்திடம் ஒப்படைத்து, மரவுரி தரித்து மகாபிரஸ்தானம் புறப்படுகிறார்கள். அணிகளைக் களைந்தாயிற்று, நாட்டைத் துறந்தாயிற்று. ஆனால் அர்ச்சுனன் தோளில் காண்டீவம் இருக்கிறது. அருமணியின் மீதுள்ள ஆசை போன்றதோர் ஆசையால் அவன் அதை விடவில்லை என்று வியாசர் காரணத்தையும் சொல்லிவிடுகிறார். செந்நீர்க் கடலின் கரையில் மலைபோல் வழிமறித்து நிற்கிறான் அக்கினி. இந்த வில்லைப் பார்த்தனுக்காக வருணனிடமிருந்து வாங்கித் தந்தவன் நான். இனி அவனுக்கு இதனால் வேலையில்லை. கண்ணனின் சக்கரமும் போய்விட்டது. இதை வருணனிடமே திருப்பித் தரட்டும் என்கிறான். சகோதரர்களும் வற்புறுத்துகிறார்கள். அர்ச்சுனன் வில்லையும் இரு தூணிகளையும் நீரில் விடுகிறான்.

ராமபிரான் அன்றைக்கே செய்ததைச் செய்ய அவனுக்கு ஓர் ஆயுட்காலம் பிடித்தது. இருவரும் கொடுத்தது ஒரே கையில்தான், வருணன் கையில்.

வன்னி மரத்திலிருந்து வில் இறங்கியதை நினைவூட்டுவதுபோல, இன்றும் பல ஆலயங்களில் விஜயதசமியன்று சுவாமி எழுந்தருளி அம்பு போடும் உற்சவம் நடக்கிறது. விருத்தாசலம் போன்ற தலங்களில் வன்னியே தலமரம். உற்சவம் முடிந்து வரும் வழியில் அதன் இலையைப் பறித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் முதியோர் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த வீட்டில் சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகங்களுக்கு மேலே வயலினும் வில்லும் வைக்கப்பட்டன. முதல் நாள் இரவு பெரியவர் மகளிடம் பாரதத்தில் அந்தக் கடற்கரைக் கட்டத்தை மட்டும் சொல்லியிருந்தார். பெயரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு வந்த மகள், வாத்தியத்துக்குப் பொட்டு வைத்தாள். வில்லை எடுத்தவள் சிறிது நின்றாள். பிறகு அந்தக் கீறிய எழுத்துகள் மறையாதபடி, அவற்றுக்கு முன்னால், பிள்ளையார் சுழி இடும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் காலை, ஆசிரியர் வருவதற்குள் குழந்தை வில்லைக் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டி அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

"தாத்தா, இவர் யார்?"

"உனக்கு முன்னால் வாசித்தவர்."

"என் பெயரை எங்கே எழுதுவது?"

"முதலில் வாசி" என்றார் பெரியவர். வாசலில் ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் தாம்பூலத் தட்டை எடுக்க உள்ளே போனாள்.