காற்றில் பிறந்த உரம்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்; நெற்பயிரோ அதனை நேரே உட்கொள்ளாது. ஜெர்மானிய ரஸாயன நிபுணர் ஹேபர் 1909-ல் அவ்வாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கினார். பாஷ் 1913-ல் அம்முறையை ஆலைத்தொழிலாக்கினார். மிகுந்த அழுத்தமும் உஷ்ணமும் வேண்டும் இம்முறையிலேயே மணலி உர ஆலை 1971 முதல் யூரியா செய்து வருகின்றது.

45 கிலோ மூட்டையொன்றில் நைட்ரஜன் ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம். தேங்கிய நீரில் தூவினால் அதில் ஒரு பகுதி அம்மோனியாவாகி மீண்டும் காற்றோடு போய்விடும். சர்க்கார் மானியத்தால் மூட்டை மலிவாயிருப்பதே இவ்வீண் செலவுக்கு ஏதுவாகின்றது.

கரையான்சாவடிச் சுற்றுப்புறத்தில் எஞ்சியுள்ள நன்செய்களிலேனும், நீரை வடித்து, சேற்றில் தவணை தவணையாக உரமிட்டு, களையெடுக்கையில் மிதித்துவிட்டு, மறுநாள் நீர் கட்டுதல் உசிதம். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். ஆலை அரும்பாடுபட்டுப் பிடித்த வாயுவை வயலில் நழுவவிடுதல் விவேகமன்று.