மொட்டை மலை என்று யார் சொன்னது?

சித்திரையில் இரண்டு நாள் கோடை மழை பெய்து ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை. ஊட்டிக்கு மேற்கே உள்ள ஒரு புல்மேட்டுக்கு நாங்கள் ஏழு பேர் வழக்கம்போல் ஏறினோம். நான்கு ஆண்டுகளாக அங்கே அந்நிய மரமான சீகையின் (வாட்டில்) கன்றுகளைப் பிடுங்கிவருகிறோம். அன்று மேலே போனால் பேனர் கட்டியிருந்தது. ஒரே நிறத் தொப்பியில் அறுபது எழுபது பேர், கையில் கடப்பாரை, மண்வெட்டி. மேடு முழுக்க வரிசை வரிசையாகக் குழிகள். நூற்றாண்டுகளாகப் பின்னிக் கிடந்த புல்லின் வேர்ப்பாய் கட்டிகட்டியாகப் பெயர்த்து எறியப்பட்டிருந்தது. நடக் கொண்டுவந்தவை வேம்பு, புங்கன், நாவல். 2,000 மீட்டருக்கு மேல், மார்கழியில் உறைபனி விழும் மேட்டில் வேம்பு!

பொறுப்பாளரிடம் கேட்டேன். "மொட்டையா சும்மா கெடக்குற எடம்தானுங்க சார். மரம் வெச்சா மழை வரும், புண்ணியமுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கை நடுங்கியது.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மரம் இருந்தால் மலை, இல்லாவிட்டால் பொட்டல் என்று தமிழ்நாடே நம்புகிறது. மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று பள்ளிச் சுவரில் எழுதி எழுதி நம்மை அப்படிப் பழக்கிவிட்டார்கள். அந்த வாசகத்தை நம்புகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை ஊட்டிப் பக்கமுள்ள கிளென்மார்கன் போய்வர வேண்டும்.

கிளென்மார்கனில் நடந்தது இதுதான். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள், தலா 32 ஹெக்டேர் அளவில். இரண்டும் புல்வெளி, நடுவே சோலைக்காடு. 1968 முதல் ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் இரண்டு ஓடைகளின் நீரையும் அளந்தார்கள். 1972இல் ஒன்றை அப்படியே விட்டார்கள். மற்றொன்றில் ஏறத்தாழ அறுபது சதவீதப் பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள். முதல் பத்தாண்டில் அந்த ஓடையின் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மரம் மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் கால்வாசி போயிற்று. கோடையில் கசியும் நீருக்கு இதைவிடப் பெரிய அடி. அதே வானம், அதே மழை. ஒன்றில் மரம், ஒன்றில் புல். புல் இருந்த ஓடை ஓடியது. மரம் நட்டால் தண்ணீர் வரும் என்கிறவர்கள் கிளென்மார்கனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

காரணம் எளிது. புல் மார்கழிப் பனியில் காய்ந்து படுத்துவிடும். அந்த மாதங்களில் அது தண்ணீர் கேட்பதில்லை. மழை வந்தால் அதன் வேர்ப்பாய் உறிஞ்சிக்கொள்கிறது. தாழ்விலுள்ள சதுப்பு அந்த நீரைச் சேர்த்து வைத்துப் பங்குனி, சித்திரை வரை சொட்டுச் சொட்டாக விடுகிறது. கற்பூர மரமோ பன்னிரண்டு மாதமும் ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டே நிற்கும். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகளுக்கு வரும் நீர் இந்தப் புல்லிலிருந்து இறங்குவது. குந்தாவில் சுழலும் டர்பைனும் பவானிப் பாசன வயலும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

"முன்பு இங்கே காடு இருந்தது, தோடர் பழங்குடியினர் எரித்துப் புல்லாக்கிவிட்டார்கள்" என்று இன்னொரு கதையும் உண்டு. படித்தவர்களே சொல்கிறார்கள். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணைத் தோண்டி, அதிலுள்ள கார்பனைக் கொண்டு பழைய தாவரங்களைக் கணித்து, 1993இல் சூழலியலாளர் சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் பரந்திருந்தது. குளிரும் உறைபனியும் காற்றும் மேட்டைப் புல்லுக்குக் கொடுத்தன, மடிப்பைச் சோலைக்குக் கொடுத்தன. வெட்டவெளியில் துணிந்து நிற்பது சிவப்புப் பூப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் போன்ற சில மரங்கள்தான்.

அழித்தவர்கள் வேறு ஆட்கள். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் இங்கே வேரூன்றின. விடுதலைக்குப் பிறகு நம் அரசே தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் மரக்கூழுக்காகவும் புல்மேடு புல்மேடாக நட்டது. இன்று அந்தக் கற்பூர மரத்தின் எண்ணெயை 'நீலகிரித் தைலம்' என்று வாங்கிப் போகிறோம். மலையின் பெயரையே அதற்குக் கொடுத்துவிட்டோம். தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேயும் புல் சதுப்பில் மட்டும்தான் வளரும். சதுப்பு வற்றவும் அதைத் தேடித் தொலைதூரம் அலைகிறார்கள். அவர்களுடைய எருமைகளுக்கு மேய்ச்சலும் சுருங்கிவிட்டது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாக 2018இல் ஆய்வு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு சோலை போயிருந்தால் ஊர்வலம் நடந்திருக்கும். போனது புல், யாரும் வாய் திறக்கவில்லை.

அரசாங்கமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. வருவாய்த் துறைக்குப் புல்வெளி என்றால் தரிசு. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்கு 33 சதவீதம் வனமும் மரமும் வேண்டும். அந்தக் கணக்கில் புல்லுக்கு இடமில்லை. அதே அரசு, மாநில விலங்கான வரையாட்டுக்கு 2022இல் தனித் திட்டம் அறிவித்தது. வரையாடு வாழ்வது முக்கூர்த்தி போன்ற மலைகளின் புல்சரிவில். புல்லை மரத்தால் மூடிவிட்டு வரையாட்டை எங்கே வைத்துக் காப்பாற்றுவது?

மொழியும் நமக்குத் துணையில்லை. 'புல்லன்' என்றால் அற்பன் என்கிறோம். ஆனால் வான்சிறப்பில் வள்ளுவர் மழைக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது புல்லின் தலையைத்தான், மரத்தை அல்ல. கிளென்மார்கனில் கருவி வைத்து அளந்ததை அவர் கருவியில்லாமல் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

மழைக்குப் பிந்தைய இளவேனிலில் ஒருநாள் இந்த மேட்டில் குனிந்து பாருங்கள். காய்ந்த தூரின் நடுவிலிருந்து புதுத் தளிர் ஊசிபோல் வந்திருக்கும். இடையில் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய நீலப் பூக்கள். நீலகிரி நெட்டைக்காலிப் பறவை புல்தூருக்கு அடியில், தரையிலேயே கூடு வைக்கும் பருவம் இது. அறுபது பேர் கடப்பாரையோடு ஏறிய அந்த ஞாயிறும் இதே பருவம்தான். எத்தனை கூடு மிதிபட்டதோ, நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஊட்டியருகே ஷூட்டிங் மட்டத்தில் வண்டியை நிறுத்தி, பச்சை மேட்டில் உருண்டு, படம் எடுத்துக்கொள்ள ஊரே வருகிறது. படம் எடுக்கும்போது அழகு, திரும்பிப் போகும்போது மொட்டை. மே மாத மலர்க் கண்காட்சியில் தொட்டி தொட்டியாகச் சீமைப் பூக்களுக்கு வரிசையில் நிற்கிற கூட்டத்தில், நீலகிரிப் புல் ஒன்றின் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? பள்ளிப் பிள்ளைகளிடமும் நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

புல்வெளியைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை, பேனர் கட்ட ஏற்றதல்ல. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டிவிட்டுக் குத்தகைக்காரர் போனதும், வெயில் பட்ட இடமெல்லாம் நாற்றங்கால்போல் முளைக்கும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் போய்ப் பிடுங்க வேண்டும். இடையில் புல்தூரைப் பிரித்து ஓரடிக்கு ஒன்றாக நட வேண்டும். முழங்கால் தேயும் வேலை. அன்று அவர்கள் போன பிறகு குழிகளை மூடி, பெயர்ந்த வேர்ப்பாயைத் திரும்பப் பதிக்க எங்களுக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. பாதிக்கு மேல் பிடிக்கவில்லை.

அந்தப் பொறுப்பாளரின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மழை பெய்த மறுநாள் அழைப்பேன். மண் இளகியிருக்கும், சீகைக் கன்று இழுத்தால் வேரோடு வரும். அறுபது பேர் என்றால் ஒரு மேட்டை மதியத்துக்குள் முடித்துவிடலாம். கடப்பாரை மட்டும் வேண்டாம்.