பாதியில் நின்ற பாலம்

பிலிப்பைன்ஸுக்கு இந்தியர்கள் 14 நாட்கள் விசா இல்லாமல் போய்வரலாம் என்று 2025-ல் அறிவிப்பு வந்தாலும் வந்தது, ‘பொஹோல் எப்படிங்க, குடும்பத்தோடு போகலாமா?’ என்று கேட்காத ஆளில்லை. தாராளமாகப் போகலாம். செபு நகரத்திலிருந்து படகில் இரண்டு மணி நேரம். ஒட்டியுள்ள பங்லாவ் தீவில் விமான நிலையமும் இருக்கிறது.

போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது சாக்லேட் ஹில்ஸ். 1,200-க்கும் மேற்பட்ட குன்றுகள், கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் போல வரிசையாக. ஒரு காலத்தில் கடலடியில் இருந்த சுண்ணாம்புப் பாறை மேலெழும்பி, மழையில் கரைந்து கரைந்து இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது. புல் காய்ந்தால்தான் சாக்லேட் நிறம். மழைக்காலத்தில் போய்விட்டு ‘பச்சையாக இருக்கிறதே’ என்று என்னைத் திட்டாதீர்கள். அடுத்து டார்சியர். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, பார்க்க நம்மூர் தேவாங்கு மாதிரி உருட்டு விழி. இரவில் நடமாடும் பிராணி அது. பகலில் அதற்குத் தூக்க நேரம். ஃபிளாஷும் சத்தமும் அதற்கு ஆகவே ஆகாது. குழந்தைகளிடம் முன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

நான் சொல்ல வந்தது இதுவல்ல. லோபோக் என்ற ஆற்றங்கரை ஊரில் மதியச் சாப்பாட்டோடு படகுச் சவாரி உண்டு. படகில் ஏறுகிற அவசரத்தில் பலர் கவனிக்காமல் விடுவது, அங்கே ஆற்றின் குறுக்கே வந்து பாதியில் நின்றுபோன ஒரு கான்கிரீட் பாலம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கினார்கள். அக்கரையில் ஆரம்பித்து இக்கரைப் பக்கம் வரும்போதுதான் விஷயம் உறைத்தது: எதிரே பழைய மாதா கோயில் வளாகம். பாலம் முடிய வேண்டுமானால் அதில் கைவைக்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பியது, வேலை நின்றது.

அந்தக் கோயில் 18-ஆம் நூற்றாண்டில் பவளப்பாறையை வெட்டி எடுத்த கல்லால் கட்டியது. கடற்கரையோரம் பக்லயோனில் இருப்பதும் அப்படித்தான். சுண்ணாம்புக் காரையில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்தார்கள் என்று ஊர்க்கதை. கல் சுமந்தவர்கள் எல்லோரும் பக்தியால் மட்டும் சுமக்கவில்லை. ஸ்பானியர் ஆட்சியில் கட்டாய வேலை இருந்தது. இதே தீவில் 1744-ல், இறந்த தன் தம்பிக்குக் கிறிஸ்தவ அடக்கம் செய்யப் பாதிரியார் மறுத்தார் என்று டகோஹோய் என்பவர் கிளப்பிய கலகம், அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்து 1829-ல்தான் ஓய்ந்தது. 85 வருடம்! அப்படிப்பட்ட தீவில், பாலம் வேண்டாம், கோயில் இருக்கட்டும் என்று நின்றிருக்கிறார்கள். இதை யோசித்தபடி அந்தப் பாலத்தின் நுனியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலத்திடமிருந்து காப்பாற்றிய கோயிலை நிலநடுக்கம் விடவில்லை. 2013 அக்டோபர் 15, காலை எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு, 7.2 அளவில் அதிர்ந்தது. பக்ரீத் விடுமுறை நாள் என்பதால் பள்ளிக்கூடங்கள் காலியாக இருந்தன. அதுவே பெரிய புண்ணியம். அப்படியும் 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். லோன், மரிபோஹோக் ஊர்களின் கோயில்கள் வெறும் கற்குவியலாயின. லோபோக் கோயிலும் இடிந்தது.

புல்டோசரை விட்டு வாரிவிட்டு, ஆறு மாதத்தில் புதிதாக சிமென்டில் எழுப்பியிருக்கலாம். செய்யவில்லை. விழுந்த கற்களைப் பிரித்து, எண் போட்டு, எது எங்கே இருந்தது என்று பார்த்துப் பார்த்து அடுக்கினார்கள். லோபோக் கோயில் மறுபடி திறந்தது 2021-ல். எட்டு வருடக் காத்திருப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இடமில்லாமல் எட்டு வருடம் ஓட்டுவது சின்ன விஷயமா? சீக்கிரம் கட்டித் தொலையுங்கள் என்று அலுத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். எனக்கு அவர்கள் மேலும் குறையில்லை. திறந்த அதே வருடம் டிசம்பரில் ராய் புயல் வந்து ஆற்றில் வெள்ளம் புரண்டது. அதிலிருந்தும் எழுந்தார்கள்.

2023-ல் யுனெஸ்கோ பொஹோலை உலகப் புவிப்பூங்காவாக அறிவித்தது. பிலிப்பைன்ஸில் இதுதான் முதல். மறு வருடமே, சாக்லேட் குன்றுகளுக்கு நடுவில் நீச்சல் குளத்தோடு ஒரு ரிசார்ட் இருப்பது வீடியோவில் பரவி, நாடே கொதித்தது; ரிசார்ட்டை மூட வேண்டியதாயிற்று.

படகு டிக்கெட் வாங்குவதற்கு முன் லோபோக் கோயிலுக்கு அரைமணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை போதும். பூசை நடந்தால் பின்வரிசையில் உட்காருங்கள், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு. அந்த ஊர்ச் சிறுவர் பாடகர் குழு வெளிநாடுகளில் பரிசு வாங்கியது. அன்று அவர்கள் பாட்டு இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் படகு அடுத்த சவாரிக்குப் போகட்டும்.