தலையை யாரிடம் கொடுப்பது?

அயல் நாட்டுக்குக் குடி போகிறவர்களுக்கு நம்மவர்கள் சொல்லி அனுப்பும் புத்திமதிகளுக்குக் குறைவேயில்லை. குளிருக்குக் கம்பளி, ரஸத்துக்குப் பொடி, ஜலதோஷத்துக்குச் சுக்கு, எல்லாவற்றையும் பெட்டியில் திணித்துக் கொடுத்து விடுவார்கள். போன இரண்டாம் மாதம் முடி காதை மூடும்போது என்ன செய்வது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லுவதில்லை. முடியோ தேசம், பாஷை ஒன்றையும் விசாரியாமல் மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளர்ந்துகொண்டே போகிறது.

பிரான்ஸுக்குப் போகிறவர்கள் பாரிஸ் பட்டணத்தில் வசித்தால் கவலையில்லை. வட ரயில் நிலையத்தை அடுத்த லா ஷாப்பெல் பேட்டையில் நம் தமிழர்களின் கடைகள் வரிசையாக உண்டு. "பின்பக்கம் கொஞ்சம் குறையுங்கள், தம்பி" என்று சொல்லி விட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்ளலாம். சங்கடமெல்லாம் கிராமத்தில்தான். நமக்குச் சில காலம் தென்மேற்கே தோர்தோஞ் ஜில்லாவில் ஒரு சிற்றூரில் இருக்க நேர்ந்தது. சுற்று வட்டாரத்தில் தமிழ் என்ற பாஷை ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. அந்த ஜில்லாவில் ஆங்கிலேயர்கள் ஏராளமாகக் குடியேறியிருக்கிறார்கள். அவர்களில் பலர், ஆங்கிலம் பேசும் கத்தரிக்கோல் எங்கேயாவது கிடைக்குமா என்று நாற்பது மைல் காரில் அலைகிறார்கள். நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் வெந்நீர் கேட்க மட்டும் ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்ட ஜாதியாரல்லவா? நமக்கு அந்த வழியும் இல்லை.

பிரான்ஸில் ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள் உண்டு. பெரும்பாலானவை மிகச் சிறியவை. ரொட்டிக் கடையை மூடி விட்ட ஊரில்கூட முடி வெட்டும் கடையில் விளக்கெரிவதைப் பல இடங்களில் பார்த்தோம். அந்தக் கடைகளின் பெயர்களே ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக் கொச்சையில் தலைமுடிக்கு 'திஃப்' என்று பெயர். 'க்ரெயாதிஃப்' என்றால் படைப்புத் திறன் உள்ளது. 'திமினுதிஃப்' என்றால் சிறிதாக்குவது. இப்படி அந்த ஒலியில் முடியும் வார்த்தையாகத் தேடிப் பிடித்துப் பலகையில் எழுதி விடுகிறார்கள். காளமேகப் புலவர் இருந்திருந்தால் தோர்தோஞ்சில் ஒரு ஸலூனாவது திறந்திருப்பார்.

ஆனால் சிலேடையை நம்பித் தலையைக் கொடுக்க முடியுமா? பலகையைப் பார்ப்பதைக் காட்டிலும் தலைகளைப் பார்ப்பதே மேல் என்பது நம் அபிப்பிராயம். வாரச் சந்தையன்று பாலாடைக்கட்டிக் கடைக்கு முன் வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் நிற்பவர்களின் பிடரியைக் கவனித்தால் போதும். எந்தப் பிடரி ஒழுங்காக இருக்கிறதோ அதற்குரியவரிடம் முதலில் "போன்ழூர்" சொல்லி, யாரிடம் வெட்டிக்கொள்கிறீர்கள் என்று பணிவாகக் கேட்கலாம். பிரெஞ்சுக்காரருக்கு இதில் கோபம் வருவதில்லை, பரம சந்தோஷம். பெயர், தெரு, அந்த அம்மாளின் மாமியாருக்கு முழங்கால் வலி என்பது வரையில் சொல்லி விடுவார்கள்.

கடைக்குள் நுழையும்போதும் "போன்ழூர்" அவசியம். கடைக்காரருக்கு மட்டுமல்ல, காத்திருக்கும் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உட்கார்ந்தவனுக்கு அப்புறம் என்ன பிரெஞ்சு தெரிந்தும் பிரயோஜனமில்லை. நினைத்தபோது போய் நாற்காலியில் சாய்வதும் அநேகமாக நடவாது. 'ராந்தேவு' என்று முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஞாயிறோடு திங்களும் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. கூலியைக் கடைக்கு வெளியிலிருந்தே தெரியும்படி எழுதி வைக்கச் சட்டம் உண்டு. ஆகையால் பேரம் பேசும் சிரமமில்லை. நாம் இருந்த ஊரில் ஆண்களுக்குச் சுமார் 20 யூரோ, பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு. முதல் முறை அதை ரூபாயாக மாற்றிப் பார்த்த பிறகு, இரண்டாம் முறை மாற்றிப் பார்க்காமலிருப்பது உடம்புக்கு நல்லது.

நிற்க. உண்மையான அபாயம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான். நம்மவர் முடி பொதுவாக ஐரோப்பியர் முடியைக் காட்டிலும் பருமனாக இருக்கும். மெல்லிய முடியிலேயே பழகிய கை இதைக் கண்டதும் மலைத்துப் போய், பல் வைத்த கத்தரிக்கோலை எடுத்து அடர்த்தியைக் குறைக்கப் பார்க்கும். அதற்கு அவர்கள் 'தெஸெப்பெஸீர்' என்பார்கள். இந்த வார்த்தை காதில் விழுந்த உடனே வேண்டாமென்று தலையை, கத்தரிக்கோல் படாதவாறு, அசைப்பது உத்தமம். இல்லையேல் பதினைந்து நாளில் குட்டை மயிரெல்லாம் முள்ளம்பன்றி போல் எழுந்து நிற்கும். பின்னல் போட்டிருக்கும் பெண்மணிகளுக்கு வேண்டியது மூன்றே வார்த்தை: "ஜூஸ்த் லே புவாந்த்", அதாவது நுனி மட்டும். அப்போதும் சும்மா இருந்து விடலாகாது. எத்தனை ஸென்டிமீட்டர் என்பதை விரலால் அளந்து காட்ட வேண்டும். இடுப்பு வரையில் தொங்கும் பின்னல் அந்தக் கிராமங்களில் அபூர்வம். எங்கள் வீட்டுப் பெண்மணி ஒருவர் தலையை அவிழ்த்தபோது, பக்கத்து நாற்காலிகளிலிருந்த இரண்டு கிழவிகளும் தலையில் சுருள் ஊசிகளோடு எழுந்து வந்து தொட்டுப் பார்த்துப் போனார்கள். தேங்காயெண்ணெய் என்று விளக்கம் சொன்னோம். அடுத்த முறை போனபோது கடைக்காரி ஒரு புட்டி வாங்கி வைத்திருந்தாள்.

அந்தக் கடையில் கண்ணாடிக்கு மேலே ஒரு பத்திரம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சட்டப்படி, தகுந்த பரீட்சையில் தேறினவர்களின் பொறுப்பில்தான் அங்கே ஸலூன் நடக்கலாம். முதற் பரீட்சைக்குச் சாதாரணமாக இரண்டு வருஷப் படிப்பு. தனியாகக் கடை நடத்த வேண்டுமானால் அதற்கு மேலும் இரண்டு வருஷம். 2,000 பேருக்குக் குறைந்த ஊர்களில், வேறு தொழிலோடு சேர்த்து ஆண்களுக்கு மட்டும் முடி வெட்டுவோருக்கு ஒரு விலக்கும் உண்டு. ஊரில் மேயர் வந்தாலும் அந்தக் கடைக்காரியை "மதாம்" என்றே கூப்பிட்டார். அவளும் அவரை "முஸ்யே" என்றாள். இருவரும் மரியாதைப் பன்மையிலேயே பேசிக்கொண்டார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நமக்கு மனம் சற்றுக் கூசியது. பிரான்ஸில் ஒரு காலத்தில் நாவிதரே ரண வைத்தியர். 16-ம் நூற்றாண்டில் நாலு அரசர்களுக்கு வைத்தியம் செய்த அம்ப்ருவாஸ் பாரே அந்தத் தொழிலிலிருந்து வந்தவர்தான். 1743-ல் அரசாணை ஒன்று இரண்டு தொழில்களையும் பிரித்து விட்டது. நம் தமிழ்நாட்டிலும் நாவிதரே மருத்துவர்; அவர் மனைவியே மருத்துவச்சி. ஊர்க் குழந்தைகளையெல்லாம் கையிலேந்தியவள் அவள்தான். அவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன? அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் சில மரக்கால் நெல், கொல்லைப்புற வாசல், வேலை முடிந்ததும், அவர் கை பட்டதற்காக ஒரு ஸ்நானம். வயதில் மூத்தவரையும் 'வாடா, போடா' என்று கூப்பிடச் சிறு பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்தோம். அதோடும் நின்றதா? தாழ்த்தப்பட்ட மக்களுக்கு முடி வெட்டக் கூடாதென்று நாவிதர்களைத் தடுத்து வைக்கும் ஊர்களைப் பற்றிச் சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. ஒரு தலையை வெட்டலாம், ஒரு தலையை வெட்டலாகாது என்று கத்தரிக்கோலுக்கு ஜாதி கற்பித்தவர்கள் நாம்தான். தோர்தோஞ் கிராமத்துக்காரி நம் கறுத்த தலையைத் தொட்டு வெந்நீரில் அலசியபோது, அடர்த்தியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டாள்.

மூன்றாம் முறைக்குப் பிறகு சந்தையில் முன்பின் அறியாதவர்கள் நமக்கு "போன்ழூர்" சொல்லத் தொடங்கினார்கள். நாம் எந்த ஊர், என்ன சாப்பிடுகிறோம், எத்தனை குழந்தைகள் என்பதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்தே ஊருக்குப் பரவியிருக்க வேண்டும். நகரசபைக் காரியாலயத்தில் பெயர் பதிந்ததைக் காட்டிலும் இதுவே நம்மை ஊராராக்கியது என்று சொல்லலாம்.

கடையே இல்லாத ஊர்களுக்கும் வழியுண்டு. கத்தரிக்கோல், கண்ணாடி, உலர்த்தும் யந்திரம் எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். நடமாட முடியாத முதியவர்களுக்கு இவர்கள் தெய்வம் மாதிரி. சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் துண்டைப் போட்டு வெட்டி விட்டு, ஒரு கோப்பைக் காப்பி குடித்து ஊர் வம்பும் சொல்லி விட்டுப் போவார்கள். இவர்களுடைய டெலிபோன் நம்பர் ரொட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும்.

ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் கடையானாலும் காரானாலும் பலர் ஓய்வுக்குப் போய் விடுகிறார்கள். ஜூலை கடைசிக்குள் ராந்தேவு வாங்கிக்கொள்ளாதவர்கள் செப்டம்பர் வரையில் தொப்பியோடு திரிய வேண்டியதுதான்.