கும்பலோடு கோவிந்தா போதுமா?

சென்ற மாதம் மாதுங்காவில் ஒரு திருமணம். பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்த நண்பர், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், மகிழ்ச்சியோடு ஒரு செய்தி சொன்னார். ஒரு நிதி நிறுவனம் அவரைச் சுயேச்சை டைரக்டராக அழைத்திருக்கிறதாம். "பெரிய வேலை ஒன்றும் இல்லை சார். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். காகிதங்களை அவர்களே தயார் செய்து வைத்துவிடுவார்கள். நாம் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இதே அழைப்பு நம் சங்க அன்பர்கள் பலருக்கும் வரக்கூடியதுதானே!

2019 செப்டம்பரை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது முதல் உத்தரவு. வங்கி கொடுத்த கடனில் பெரும் பகுதி ஒரே கட்டுமானக் குழுமத்திடம் முடங்கிக் கிடந்தது. பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்களும், ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டு வைத்தவர்களும் கிளை வாசலில் கண்ணீரோடு நின்றார்கள். 2022 ஜனவரியில்தான் அந்த வங்கி வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டது. அந்த வங்கிக்கும் ஒரு போர்டு இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

"எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்றால், கடைசியில் யாருமே பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. பிரிட்டன் இதை அனுபவித்துப் பார்த்தது. 2008இல் எச்.பி.ஓ.எஸ். என்ற பெரிய வங்கி சரிந்தபோது, அதன் பழைய நிர்வாகிகளில் ஒரே ஒருவருக்குத்தான், அதுவும் 2012இல், அபராதம் விதிக்கப்பட்டது. அதன் பின்னர் சட்டத்தை மாற்றினார்கள். 2016 மார்ச் முதல் வங்கிகளின் ஒவ்வொரு மூத்த நிர்வாகிக்கும் அவர் எதற்குப் பொறுப்பு என்று தனியே எழுதி வைக்க வேண்டும். போர்டுத் தலைவரும், தணிக்கைக் குழு போன்ற முக்கியக் குழுக்களின் தலைவர்களும் இதில் அடக்கம். தம் பகுதியில் தவறு நேர்ந்தால், அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்தாரா என்ற கேள்வி அவரை நோக்கியே வரும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2018 ஏப்ரலில் அங்குள்ள டி.எஸ்.பி. வங்கி தன் கம்ப்யூட்டர் அமைப்பை மாற்றியபோது, லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியாமல் தவித்தார்கள். வங்கிக்கு அபராதம் விதித்ததோடு அதிகாரிகள் நிற்கவில்லை. 2023இல், அந்தப் பிரிவுக்குத் தலைமை வகித்தவருக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுன் அபராதம் விதித்தார்கள். வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம் உண்மையிலேயே தயாராக இருக்கிறதா என்று அவர் போதிய அளவு உறுதி செய்துகொள்ளவில்லை என்பதே குற்றச்சாட்டு. "தயார் என்றார்கள், நம்பினேன்" என்பது அங்கே எடுபடவில்லை.

"இப்படிப் பயமுறுத்தினால் நல்லவர்கள் யார் வருவார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் 2013 கம்பெனிச் சட்டத்தின் 149(12) பிரிவைப் படித்துப் பாருங்கள். சுயேச்சை டைரக்டர் எல்லாத் தவறுக்கும் பலியாக வேண்டியதில்லை. போர்டு நடவடிக்கைகளின் வழியே அவருக்குத் தெரிந்து, சம்மதத்துடனோ உடந்தையாகவோ நடந்தவற்றுக்கும், அவர் கவனமாகச் செயல்படாதபோது நடந்தவற்றுக்கும்தான் பொறுப்பு. ஆக, கவனமாக இருந்தவருக்குச் சட்டமே துணை. கண்ணை மூடிக்கொண்டவருக்குத்தான் ஆபத்து.

கவனமாக இருக்கப் பயிற்சி வேண்டும். சுயேச்சை டைரக்டர்களுக்கென 2019 முதல் தகவல் தொகுப்பில் பதிவும், சுயமதிப்பீட்டுத் தேர்வும் இருக்கின்றன. போதிய அனுபவம் உள்ளவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. தேர்வு எழுதினால் சட்டம் தெரியும். தாம் அமரப் போகும் நிறுவனம் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்பது தெரியுமா?

என் தாழ்மையான கருத்தில், பதவி ஏற்பவர் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, தம் பொறுப்பு என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, முதல் கூட்டத்துக்கு முன்பே கடன் பிரிவிலும் தணிக்கைப் பிரிவிலும் இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உள் தணிக்கையாளரிடம், நிர்வாகிகள் பக்கத்தில் இல்லாமல், தனியாகப் பேச வேண்டும். மூன்றாவது, கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு அறிவிப்புத் தரச் சட்டம் சொல்கிறது. காகிதங்களையும் அப்போதே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். புரியாததைக் கேட்க வெட்கப்படக்கூடாது. உடன்பாடு இல்லையென்றால், அதை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்ல வேண்டும். பிரிட்டனைப் போல இவற்றில் முதலாவதையாவது ரிசர்வ் வங்கி எல்லா நிதி நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கினால் நல்லது.

நண்பருக்கு இந்த இதழை அனுப்பப் போகிறேன். பதவி வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. நாணயமும் படிப்பும் உள்ள அவரைப் போன்றவர்கள்தான் அங்கே போக வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடுமுன், வங்கி வாசலில் நின்ற அந்த முகங்களை ஒரு முறை நினைத்துக்கொள்ளட்டும். கும்பலோடு கோவிந்தா போடுவது திருமலையில் புண்ணியம் தரும். போர்டு அறையில் தராது.