மிதிவண்டிக்கு ஒரு வழி

ஊர்திகளுள் எளியது மிதிவண்டி. அது எண்ணெய் வேண்டாது, புகை கக்காது, மிதிப்பவர் உடலுக்கு உரமும் ஊட்டும். இத்துணை நலமுடைய ஊர்தி, இந்நாளில் சாலையின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டு அஞ்சி அஞ்சிச் செல்வது ஏன்? வண்டியின் குறையன்று, வழியின் குறையே.

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில் என்னும் நகரியம் உளது. அது 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அந்நாளில் அந்நிலம் மழைநீர் அரித்த செம்மண் மேடாய், நிழலின்றிக் கிடந்தது. குடியேறியோர் வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கினர். மரங்களை நட்டுக் காத்தனர். இன்று அம்மரங்களின் நிழலூடே மிதிவண்டிக்கென்றே அமைந்த வழிகள் செல்கின்றன. பேருந்தும் சுமையுந்தும் அவற்றுள் நுழைவதில்லை. அங்கும் மோட்டார் வண்டிகள் ஓடாமல் இல்லை. எனினும், மிதித்துச் செல்வோர்க்குத் தனிவழி உண்டு என்பதே கருதத்தக்கது.

ஆரோவிலுக்குக் கிழக்கே கடற்கரைச் சாலை செல்கிறது. அது வடக்கே மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து சென்னையை அடைவது. அச்சாலையில் மாணவி ஒருத்தி மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்வதாகக் கொள்வோம். பின்னே விரைந்து வரும் பேருந்தின் ஒலி. ஓரத்திலோ சக்கரம் புதையும் மணல். அவள் எங்கே ஒதுங்குவாள்? சாலை அகலுந்தோறும் வேகமும் வளருமன்றோ?

அவள் ஏறிய வண்டி அரசு அளித்ததாகவும் இருக்கலாம். அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயில்வோர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்குவது தமிழகத்தின் நற்றிட்டம். 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி பழகினர். பிறர் துணையை எதிர்பாராது சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். வண்டி ஒன்று வாழ்வை மாற்றும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆயின், வண்டி தந்த கை வழியையும் தருதல் வேண்டும்.

‘அதற்குப் பொருள் ஏது?’ என்பர் சிலர். நெதர்லாந்து நாட்டில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் நானூற்றுவர்க்கு மேல் சிறுவர். பெற்றோர் வீதிக்கு வந்து முறையிட்டனர். அதன்பின் அந்நாடு மிதிவண்டி வழிகளுக்குப் பொருள் ஒதுக்கியது. இன்று அங்கே சிறுவரும் முதியோரும் அச்சமின்றி மிதித்துச் செல்கின்றனர். சென்னை மாநகராட்சியும் 2014-ஆம் ஆண்டில், போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு 60 பங்கேனும் நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரியதாகுக எனக் கொள்கை வகுத்தது. கொள்கை ஏட்டில் இருந்தால் போதாது. சாலையில் இறங்குதல் வேண்டும்.

வேண்டுவன பெரியனவும் அல்ல. சாலையினின்று மேடிட்டுப் பிரித்த தனிவழி, நிழல்தரும் மரம், இரவில் விளக்கு, சந்திகளில் கடக்க இடம், பேருந்து நிலையத்தருகே வாடகை மிதிவண்டியும் அதனைப் பூட்டி வைக்க நிறுத்தமும் போதும். இவற்றைச் செவ்வையாக அமைக்கப் புதுவழி காணும் இளைஞர்க்கு ஊராட்சியும் நகராட்சியும் பொருளுதவி செய்து, முதலில் ஒரு தெருவில் நடத்திப் பார்த்தல் நன்று. பயன் கண்டபின் பிற தெருக்களுக்கும் விரிக்கலாம்.

மேம்பாலத்திற்குக் கோடி கோடியாகச் செலவிடும் நாட்டில், பள்ளி செல்லும் பிள்ளைக்கு நான்கு முழ அகலத்தில் ஒரு வழி அமைத்தல் அரிதன்று. மரமற்ற மேட்டில் நிழல்வழி அமைக்க மக்களால் இயன்றது. அரசும் மக்களும் கூடினால் எவ்வூரிலும் அஃது இயலும்.